குதிகால்

கால்காரம்மாவுக்குக் கோபம் வரவழைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. புதுக் காலை மாட்டிக்கொண்டு நாலு தப்படி நடந்துவிட்டு, "பரவாயில்ல மேடம், நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்" என்று சொன்னால் போதும். அதற்கப்புறம் அவளிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்க முடியாது.

அன்றைக்கு அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர் ஒரு ஓட்டல் மாஸ்டர். சர்க்கரை வியாதி அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், துணி வெளுக்கிற இடத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், மாக்கட்டு மாவும் பசையும் கலந்து நாறுகிற ஒரு நீளமான ஷெட் உண்டு. அதுதான் செயற்கைக் கால் செய்கிற பட்டறை. உள்ளே இரண்டு பக்கமும் கம்பி போட்ட ஒரு நடைபாதை. மாஸ்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார், வந்தார். கால்காரம்மா அவருக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவருடைய இடுப்பையும் முட்டியையும் குதிகாலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னாலிருந்து பார்க்கவே மாட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் மூஞ்சி தெரியும், மூஞ்சி பொய் சொல்லும் என்பாள்.

"எங்கயாவது குத்துதா மாஸ்டர்?"

"இல்ல மேடம். லேசா... இல்ல, பரவாயில்ல. போகப் போக நானே அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன்."

"நீங்க எதுக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்? அப்புறம் நான் எதுக்கு இங்க இருக்கேன், பொழுது போகாமலா? கால்தான் உங்களுக்கு அட்ஜஸ்ட் ஆகணும். நீங்க காலுக்கு அட்ஜஸ்ட் ஆனீங்கன்னா அடுத்த வருஷம் முழங்காலையும் கொடுத்துட்டு வந்து நிப்பீங்க. கழட்டுங்க."

மாஸ்டர் கழற்றினார். அவள் உறையை உருவிப் பார்த்தாள். மிச்சமிருந்த காலின் நுனியில், எலும்பு முட்டுகிற இடத்தில், பொட்டு வைத்த மாதிரி சிவந்திருந்தது.

"இது என்ன?"

மாஸ்டர் திருடிவிட்டு அகப்பட்டவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். "இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருக்கீங்க. குத்துதுன்னு சொன்னா உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? இவர் ஒருத்தர் இல்லை, வருகிற பாதிப் பேர் இப்படித்தான். வலிக்கிறது என்று சொல்வது மரியாதைக் குறைவாம். செய்து கொடுத்தவர் மனசு கோணிவிடுமாம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய், புண் வைத்து, சீழ் பிடித்து, பிறகு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள். கால்காரம்மா அதனால்தான் யாருடைய வாயையும் நம்புவதில்லை. நடக்க வைத்துப் பின்னாலிருந்து பார்ப்பாள். பிறகு கழற்றச் சொல்லித் தோலைப் பார்ப்பாள். முதலமைச்சரே வந்தாலும் அதே கதிதான்.

இந்த அட்ஜஸ்ட் என்கிற வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எங்கேயோ பிறந்த இங்கிலீஷ் வார்த்தை, நம்ம வீட்டுச் சமையலறை வரைக்கும் செருப்பைக் கழற்றாமல் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. பட்டறையில் அதற்கு நல்ல வேலை. திருகாணியைக் கொஞ்சம் திருப்பினால் பாதம் வெளிப்பக்கம் போகும், இன்னும் கொஞ்சம் திருப்பினால் முட்டி நிமிரும். ஆளுக்காகப் பொருள் மாறும். கேட்டைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதே வார்த்தைக்கு வேறு வேலை. மூன்று பேர் உட்காருகிற சீட்டில் நாலாவது ஆள் வந்து "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்பார். ஜன்னலோரத்து மகாராஜா நகரவே மாட்டார். கடைசியில் உட்கார்ந்திருப்பவர்தான் பாதி உடம்பு அந்தரத்தில் தொங்கப் போய்ச் சேருவார். ஆபீசில் ஆள் வரவில்லையா, இருக்கிறவர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும். தண்ணீர் வரவில்லையா, கடைசியாகக் குளிக்கிறவர் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும். "சகிச்சுக்கோ" என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், சொல்கிற நாக்குக்கே உறுத்தும். அட்ஜஸ்ட் என்று சொன்னால் உறுத்தாது. ஏதோ நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிற சமாசாரம் மாதிரி இருக்கும். அதனால்தான் இத்தனை வார்த்தை கையில் இருந்தும் நமக்கு இது தேவைப்பட்டது.

இதெல்லாம் கால்காரம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். பட்டறைக்குள் இருக்கிற வரைக்கும் தெரியும்.

அவளுக்கு ஒரே மகள். பஸ் டிரைவரான அப்பா அவளுக்கு வைத்த பேர் ரோடுரோலர். பெரிய உடம்பு ஒன்றும் இல்லை, நடைதான் அப்படி. குதிகாலை ஊன்றி ஊன்றி நடப்பாள். ஹாலிலிருந்து சமையலறைக்குப் போனால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் எத்தனையோ முறை மேலே வந்து, "பாப்பா வீட்லதான் இருக்கா போல" என்று சிரித்துக்கொண்டே குறை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். மாடிப்படியில் அவள் ஏறுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்குப் பசியா, கோபமா, தோழியோடு சண்டையா என்று அம்மா சொல்லிவிடுவாள். "இதுதான்யா நடை. குதிகால் முதல்ல, அப்புறம் பாதம், அப்புறம் விரல். நான் சொல்லிக் கொடுத்தாக்கூட வராது" என்று வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் உள்ளுக்குள் பெருமை.

அவளுக்குக் கல்யாணம் ஆனபோது எல்லாரும் பொறாமைப்பட்டார்கள். மாமியார் இல்லாத வீடு. நாத்தனாரும் கிடையாது. ஒரே பிள்ளை, வயசான மாமனார், அவ்வளவுதான். "உன் பொண்ணுக்கு லாட்டரி அடிச்சிருக்கு" என்று பட்டறையில் சொன்னார்கள். கால்காரம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

மாமனார் கெட்ட மனுஷரும் இல்லை. ஒரு அதட்டல் கிடையாது, சாப்பாட்டில் குறை சொல்வது கிடையாது. வாலிபத்திலிருந்து கிழடு தட்டும் வரைக்கும் ஒரு மில்லில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். ரிட்டையர் ஆகி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டாராம், "வாழ்நாள் பூரா சத்தத்துலயே இருந்துட்டேன். இனிமே என் வீட்ல எனக்கு அமைதி வேணும்." டிவி போனது. ரேடியோ போனது. மிக்சியைப் பின்பக்கத்து ஷெட்டுக்குக் கொண்டுபோனார்கள். மிச்சம் இருந்தது மனுஷர்கள் நடக்கிற சத்தம் ஒன்றுதான்.

அது மரத்தளம் போட்ட மாடி வீடு. கீழே பெரியவரின் கட்டில், அதற்கு நேர் மேலே புதுசாகக் கல்யாணமானவர்களின் அறை. மேலே குதிகால் சத்தம் கேட்டால் பெரியவர் வாயைத் திறக்க மாட்டார். கட்டில் பக்கத்தில் வைத்திருக்கும் நீளமான தடியை எடுத்து உத்தரத்தில் தட்டுவார். டொக், டொக். அவ்வளவுதான்.

"அம்மா, எங்க வீட்ல தரை பேசுது" என்று மகள் முதலில் போனில் சிரித்தாள். பிறகு சிரிப்பது குறைந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால் டொக் டொக். சீப்பை எடுக்கப் போனால் டொக் டொக். துணி மடித்து அலமாரியில் வைக்கப் போனால் டொக் டொக். புருஷனிடம் சொன்னால் அவன் சமாதானமாகச் சிரிப்பான். அவன் சின்ன வயசிலிருந்தே காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்து பழகியவன். "அப்பாவை இந்த வயசுல மாத்த முடியுமா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்பான். நல்ல பையன்தான். தடி அவன் காலுக்குக் கீழே விழவில்லை, அவள் காலுக்குக் கீழேதான் விழுந்தது என்பதால் அவனுக்கு அது பெரிசாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காலையில் மாடிப்படி அதிர அதிர, மகள் கையில் பையோடு வந்து நின்றாள். வருகிறவள் யார், என்ன கோபத்தில் வருகிறாள் என்று கால்காரம்மாவுக்கு மூன்றாவது படியிலேயே தெரிந்துவிட்டது.

"நான் இனிமே அங்க போகல."

"அடிச்சாரா?"

"இல்ல."

"திட்டினாரா? சாப்பாட்டுல கை வச்சாரா? உன் வீட்டுக்காரன் எதாவது சொன்னானா?"

"அதெல்லாம் இல்லம்மா. தட்டுறாரு."

"தட்டுறாரு. அவ்வளவுதானே? இதுக்குப் போயி யாராவது பையைத் தூக்கிட்டு வருவாங்களா? ஊர்ல கேட்டா வாயால சிரிக்க மாட்டாங்கடி."

டிரைவர் அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். "நீங்க சும்மா இருங்க" என்றாள் கால்காரம்மா. அவர் எப்போதும் போல சும்மா இருந்துவிட்டார்.

"உனக்குப் புரியலம்மா" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. "என்னால அந்த வீட்ல நடக்க முடியல."

இந்த இடத்தில்தான் கால்காரம்மா அந்தக் காரியத்தைச் செய்தாள். வேறு அம்மாவாக இருந்தால் இரண்டு திட்டு திட்டி அனுப்பியிருப்பாள், இல்லை கட்டிப்பிடித்து அழுதிருப்பாள். இவளுக்கு இரண்டும் தோன்றவில்லை. தொழில் புத்தி முந்திக்கொண்டது.

"நடக்கத்தானே முடியல? நடைதானே என் வேலை. பையை வை. செருப்பைக் கழட்டு."

சமையலறையிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து ஹாலில் போட்டாள். தன் புருஷனைக் கீழ்வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே நின்று சத்தம் கேட்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பாவம், அந்த மனுஷர் பனியனோடு போய் அடுத்தவர் வீட்டு ஹாலில் நின்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பாடம் நடந்தது.

"குதிகால் தரையில படவே கூடாது. முன்பாதத்தை முதல்ல வை. அப்படியே வெயிட்டை அதுமேல போடு. குதிகாலைத் தூக்கியே வச்சுக்கோ. முட்டியை லேசா மடக்கு, அப்பதான் உடம்பு அதிராது. அட, விரலை மடக்காதேடி, விரி. எட்டு சின்னதா வை. திரும்பும்போதுதான் நீ கோட்டை விடுற. திரும்பும்போது ஒரு காலைப் பக்கத்துல கொண்டுவந்துட்டுத் திரும்பு."

போகச் சொன்னாள், வரச் சொன்னாள், பின்னாலிருந்து பார்த்தாள். மகள் முதலில் அழுதுகொண்டே நடந்தாள். பிறகு அழுகை நின்றது. நடை சரியாக வரவர அவளுக்கே ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் டிரைவர் மேலே வந்து கதவைத் திறந்து, "என்ன, எப்ப ஆரம்பிக்கப் போறீங்க? எவ்வளவு நேரம் நான் அடுத்தவங்க வீட்ல நிக்கிறது?" என்று கேட்டார். அதற்குள் மகள் ஹாலைப் பல தடவை சுற்றி வந்துவிட்டிருந்தாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"பாத்தியா? இவ்வளவுதான் விஷயம்" என்றாள் கால்காரம்மா. "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ. உனக்கு என்ன குறைச்சல், ரெண்டு காலும் இருக்கு."

சாயங்காலமே அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் நாலைந்து வருஷமாக ஒரு புகார் கிடையாது. போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்மா." தட்டுறாரா என்று கேட்டால், "இப்பல்லாம் இல்லம்மா." பட்டறையில் யாராவது வீட்டுக் கஷ்டம் பேசினால் கால்காரம்மா தன் பெண்ணைத்தான் உதாரணம் காட்டுவாள். சின்னப் பொண்ணு, எவ்வளவு நல்லா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டா பாருங்க என்பாள். புகார் சொல்லாத காலைத் தனியாக எடுத்து வைத்துச் சந்தேகப்படுகிறவளுக்கு, புகார் சொல்லாத மகள் மேல் சந்தேகம் வரவில்லை. நல்ல நாள், கெட்ட நாள் என்று மகள் வந்து போனபோதெல்லாம் வீடு நிறையக் கூட்டம். வந்தவர்களைக் கவனிப்பதிலேயே பொழுது போய்விடும். மகளை ஆற அமரப் பார்க்க அவளுக்கு எங்கே நேரம்?

மாஸ்டரைத் திட்டி அனுப்பிய அன்று சாயங்காலம் கால்காரம்மா வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். டிரைவர் ஹாலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். கழுவின டம்ளரைத் துடைத்துக்கொண்டே திரும்பினால், பின்னால் ஆள் நிற்கிறது. கண்ணாடி டம்ளர் கையிலிருந்து நழுவி உடைந்தது.

"நான்தாம்மா."

"நீயா? உயிரே போயிடுச்சு. எப்படி வந்த?"

"படியேறித்தான். கதவு திறந்தே இருந்துச்சு. அப்பா தூங்கறாரேன்னு கூப்பிடல."

"படியேறின சத்தமே கேக்கலையேடி."

மகள் பாராட்டு வாங்கின மாதிரி சிரித்தாள். அதற்குள் டம்ளர் உடைந்த சத்தத்தில் எழுந்துவிட்ட டிரைவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். "அட, ரோடுரோலர், எப்ப வந்த?" என்றார். பழைய கிண்டல்தான். அவருக்கே அது பொருந்தாத மாதிரி பட்டிருக்க வேண்டும். பதில் வருவதற்குள் துடைப்பம் எடுத்து வருகிறேன் என்று போய்விட்டார்.

"இரு, நான் பொறுக்கறேன்" என்று மகள் உடைந்த சில்லுகளை எடுத்துக்கொண்டு குப்பைக்கூடைப் பக்கம் போனாள். கால்காரம்மா அவள் போவதைப் பின்னாலிருந்து பார்த்தாள். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. வருஷக் கணக்கில் பழகின கண், அது பாட்டுக்குப் பார்த்தது. இடுப்பு முன்னால் தள்ளியிருந்தது. முட்டி மடங்கியே இருந்தது. குதிகால் இரண்டும் தரைக்கு மேலே நின்றன. கூடையின் முன்னால் நின்றபோதும் அவை கீழே இறங்கவில்லை.

"கண்ணாடியை இங்க வச்சுட்டு நேரா நில்லு."

"ஏம்மா?"

"நில்லுன்னா நில்லு. குதிகாலை ஊனு."

மகள் ஊன்றிப் பார்த்தாள். உடம்பு பின்னால் சாய்ந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஊனினா இங்க பிடிச்சு இழுக்குதும்மா" என்று கெண்டைக்காலைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குத்தான் வந்தேன். கூரியர் ஆபீஸ்ல நாள் பூரா கவுன்ட்டர்ல நிக்கணும்ல, சாயங்காலம் ஆனா தாங்க முடியல. உன் பட்டறைல குதிகாலுக்கு அட்டை வச்சுக் கொடுப்பீங்களே, அது மாதிரி எனக்கு ஒண்ணு செஞ்சு கொடேன். செருப்புக்குள்ள வச்சுக்கிட்டா சரியாப் போயிடும்."

 அன்று ராத்திரி கால்காரம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை மட்டும் சொன்னால் போதும்.

மறுநாள் மகளைப் பட்டறைக்குக் கூட்டிப் போனாள். நோயாளிகளைப் படுக்க வைக்கிற பெஞ்சில் படுக்க வைத்தாள். பாதத்தைக் கையில் பிடித்து மேல்நோக்கித் தள்ளினாள். வர வேண்டிய இடத்துக்குப் பாதம் வரவில்லை. நடுவிலேயே கட்டையாக நின்றுவிட்டது. கெண்டைச் சதை முறுக்கின கயிறாக இருந்தது. இன்னொரு காலும் அதே மாதிரிதான். 

மூலையில் மாஸ்டர் சரிபண்ணின காலோடு கம்பிகளுக்கு நடுவில் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கு அவர் முகத்தில் தெளிச்சி. குதிகாலை நன்றாக ஊன்றி வைத்தார். டக், டக் என்று தரையில் சத்தம் கேட்டது. பெஞ்சில் படுத்திருந்த மகள் சட்டென்று தலையைத் தூக்கித் தரையைப் பார்த்தாள். எதற்கோ காத்திருக்கிற மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகு தான் எங்கே இருக்கிறோம் என்று ஞாபகம் வந்து மெதுவாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

அதைப் பார்த்ததும் கால்காரம்மாவுக்கு வந்ததே ஒரு ஆத்திரம்.

"எழுந்திரு. இப்பவே உங்க வீட்டுக்குப் போறோம். அந்த மனுஷன்கிட்ட நான் கேக்கறேன். மருமக கால் எப்படி ஆயிருக்குன்னு அவர் பார்க்கட்டும். அந்தத் தடியைப் பிடுங்கி ரெண்டா ஒடைச்சு அடுப்புல வைக்கல, நான்..."

"யார்கிட்ட கேப்ப?"

"அவர்கிட்டதான். வேற யார்கிட்ட?"

"மாமாவுக்குக் காதே கேக்காதும்மா."

கால்காரம்மாவுக்குப் புரியவில்லை. "என்னடி சொல்ற?"

"போன வருஷமே போயிடுச்சு. மில்லுல அவ்வளவு காலம் நின்னாரே, அதுதான்னு டாக்டர் சொன்னாரு. கொஞ்சம் கொஞ்சமாக் கேட்டுக்கிட்டு இருந்தது, ஒரேயடியா நின்னுடுச்சு. இப்ப பக்கத்துல போய்க் கத்தினாக்கூட முகத்தைத்தான் பார்ப்பாரு. தடி கட்டிலுக்கு அடியில கிடக்கு. தட்டி ரொம்ப நாளாச்சு."

"அப்புறம் ஏன்டி இப்படி நடக்குற?"

"வேற மாதிரி வரலையேம்மா."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளிகூட இல்லை. மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒரு நாள் அவர் தூங்கும்போது மேல வேணும்னே குதிச்சுப் பார்த்தேன். அவர் அசையவே இல்ல. எனக்குத்தான் கை காலெல்லாம் ஆடிப்போச்சு. ரொம்ப நேரம் அப்படியே நின்னுக்கிட்டு இருந்தேன், எப்ப தட்டுவாரோன்னு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எதை?"

 கால்காரம்மாவுக்குச் சண்டை போட ஆள் இல்லை. கீழே ஒரு செவிட்டுக் கிழவர் நிம்மதியாகத் தூங்குகிறார். மேலே ஒரு நல்ல பையன் காலைத் தேய்த்துக்கொண்டு நடக்கிறான். யார் போய் யாரைக் கேட்பது? முட்டி மடங்கியிருக்கிற விதம், சின்னச் சின்ன எட்டு, திரும்பும்போது ஒரு காலைப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டுத் திரும்புவது, எல்லாம் அவள் ஹாலில் ஸ்டூல் போட்டுச் சொல்லிக் கொடுத்தது. ஒன்றுகூடப் பிசகவில்லை. இவ்வளவு சொன்னபடி கேட்கிற ஆளை அவள் பட்டறையில் பார்த்ததே இல்லை.

தொழில் பேச ஆரம்பித்தாள். தெரிந்தது அது ஒன்றுதான்.

"அட்டை வேண்டாம். அட்டை வச்சா குதிகால் தூக்கினபடியே நின்னுடும், அப்புறம் எந்தக் காலத்துலயும் இறங்காது. தினம் காலையிலயும் சாயங்காலமும் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, குதிகாலை இழுத்து இழுத்து ஊனணும். நான் சொல்லித் தரேன். வலிக்கும். நல்லாவே வலிக்கும். உடனே சரியாகாது, மாசக் கணக்குல ஆகும். அதுவரைக்கும் நீ கொஞ்சம் அட்ஜஸ்ட்..."

வாயிலிருந்து வந்துவிட்டது. பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பிரயோஜனம்?

மகள் எழுந்து உட்கார்ந்தாள். அம்மாவையே பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் கால்காரம்மா தாங்கிக்கொண்டிருப்பாள்.

"மறுபடியும் நான்தானாம்மா?"

மூலையில் மாஸ்டர் டக், டக் என்று நடந்துகொண்டிருந்தார்.

"அன்னைக்கு வலியோட வந்தேன், நீதான் மாத்திக்கணும்னு சொன்ன. மாத்திக்கிட்டேன். இப்ப அதுவும் தப்பு, திரும்ப மாத்துன்னு சொல்ற. நான் முடியாதுன்னு சொல்லல. முடியல. நான் களைச்சுப் போயிட்டேம்மா. ஒரே ஒரு தடவை, வேற ஏதாவது எனக்காக மாறட்டுமே. செருப்பாவது மாறட்டும்."

"நீ இங்கயே வந்து இருந்துடு" என்றாள் கால்காரம்மா. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அன்றைக்கு இந்த வார்த்தை வாய்வரைக்கும் வந்திருந்தால் போதும், டிரைவர் பனியனோடு கீழ்வீட்டில் போய் நின்றிருக்க வேண்டாம். "நானும் அப்பாவும்தானே. எப்படி வேணா நட. வீடே இடிஞ்சாலும் பரவாயில்ல."

மகள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"நேத்து ராத்திரி அங்க தூக்கமே வரலம்மா. அப்பா நடக்கறாரு, நீ நடக்கற, பாத்திரம் உருட்டற. ரொம்பச் சத்தமா இருக்கு உங்க வீட்ல."

கால்காரம்மா எழுந்தாள். பட்டறையின் பின்பக்கம் போய் ரப்பர் அட்டையை எடுத்தாள். மகளுடைய செருப்பு இரண்டையும் அதன்மேல் வைத்துக் கோடு போட்டாள், வெட்டினாள், ஓரத்தைக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். சரிவு கொஞ்சம் அதிகமாக இருந்தது, இன்னும் தேய்த்தாள். தூள் பறந்து கண்ணில் விழுந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டிருந்தாள். பசை தடவி ஒட்டி, காயும்வரை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் செய்ததிலேயே அதுதான் நேர்த்தியான ஜோடி. அந்தக் கால்களுக்கு அளவெடுத்த மாதிரி அப்படி உட்கார்ந்தது.

"போட்டுப் பார்."

மகள் போட்டுக்கொண்டு கம்பிகளுக்கு நடுவில் போனாள். மாஸ்டர் ஒதுங்கி வழிவிட்டார். கால்காரம்மா ஸ்டூலை எடுக்கவில்லை. பின்னால் போகவும் இல்லை. கம்பிகள் முடிகிற இடத்தில், எதிரே போய் நின்றுகொண்டாள். மகள் அவளை நோக்கி நடந்து வந்தாள். சத்தமே இல்லை.

"எங்கயாவது குத்துதா?"

"இல்லம்மா. நல்லா இருக்கு. சரியா இருக்கு."

மகள் சிரித்தாள். கால்காரம்மா அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். கழற்று என்று அவள் சொல்லவில்லை.